மரக்காணம் கரையில் வெயில் எந்தப் பக்கம் நிற்கிறது?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பைக்கின் பக்கவாட்டில் தூண்டில் கழியைக் கட்டிக்கொண்டு அந்த ரோட்டில் போகும் பையன்கள் இப்போது நிறைய. விழுப்புரத்திலிருந்தும் வருகிறார்கள். எந்த ரீல், நரம்பு எத்தனை எம்.எம்., கொடுவாவுக்கு என்ன இரை என்றெல்லாம் கேட்டால் மடமடவென்று சொல்வார்கள். என்ன போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "வீட்ல கெடந்த பழைய பனியன்தாண்ணே" என்று பதில் வரும். டீ வரட்டும். அந்தப் பழைய பனியனைப் பற்றித்தான் பொறுமையாகப் பேச வேண்டும்.

கரையின் திசையிலிருந்து தொடங்குவோம். எக்கியார்குப்பம், கூனிமேடு, அனுமந்தை, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை முழுக்கக் கிழக்குப் பார்த்தது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மூக்கு, கன்னம், கண், தொண்டைக்குழி இவைதான் அடி வாங்கும். மதியம் திரும்பியதும் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். பிடரி, காதின் பின்புறம், கெண்டைக்கால் சதை காயும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுவதால் வலது கன்னமும் வலது கையும் கூடுதலாகக் கறுக்கும். பைக் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் கிழக்கே போகும்போதும் வெயில் எதிரில், சாயங்காலம் மேற்கே திரும்பும்போதும் எதிரில். ஹேண்டில்பாரைப் பிடித்த புறங்கை இரண்டு வேளையும் காய்கிறது. கடற்கரைக்கு என்று வாங்கும் உடுப்பை வீட்டு வாசலிலேயே போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது காற்று. கோடையில் பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு மேல் கடற்காற்று எழும்பும். உடம்பு குளிரும், வெயில் குறைந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அதுதான் உச்சி நேரம். உடம்பு சூட்டை உணரும், தோலைச் சுடும் புற ஊதாக் கதிரை உணராது. காற்று எவ்வளவு சில்லென்று அடித்தாலும் அந்தக் கதிரில் துளியும் குறையாது. ஆனி மாதத்தில் சில நாள் மேலக்காற்று ஓங்கிவிட்டால் கடற்காற்று பிந்தும். அன்றைக்கு எல்லோரும் புழுங்கிப்போய் நிழல் தேடி ஒதுங்கிவிடுகிறார்கள். தோல் தீய்ந்துபோகும் நாள்கள் பெரும்பாலும் காற்று நன்றாக வீசும் நாள்கள்தான்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கத்திரி வெயிலுக்கு நாம் எல்லோரும் பயப்படுகிறோம், நியாயம்தான். ஆனால் நம் அட்சரேகை 12 டிகிரி. சூரியன் வருஷத்தில் இரண்டு தடவை நம் தலைக்கு நேர் மேலே வரும். சித்திரை இரண்டாம் வாரத்தில் ஒரு தடவை, ஆவணி முதல் வாரத்தில் ஒரு தடவை. உச்சி வேளையில் நின்று பாருங்கள், நிழல் காலடிக்குள் அடங்கிவிடும். சித்திரையில் குடை தேடுகிற நாம் ஆவணியில் தேடுவதில்லை. மேகத்தையும் நம்பக் கூடாது. மெல்லிய மேகத்தை ஊடுருவிப் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடும். கருவி எதுவும் இல்லாமல் கணக்குப் பார்க்க வழி இருக்கிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி பனியன். துணிக்கும் ஓர் அளவு உண்டு, யு.பி.எஃப். என்பார்கள். 50 என்று போட்டிருந்தால், மேலே விழும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைத் தாண்டி உள்ளே போகும். சாதாரண மெல்லிய வெள்ளைக் காட்டன் பனியனுக்கு இந்த அளவு 7 வாக்கில்தான் வரும். அது நனைந்தால் 3 ஆக இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு வெயில் நேராகத் தோலுக்குப் போகிறது என்று அர்த்தம். "நனைஞ்சா சில்லுனுதானேண்ணே இருக்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். சில்லென்றுதான் இருக்கும். ஆனால் நூலுக்கு நூல் நடுவில் இருக்கும் இடைவெளியைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. நனைந்த வெள்ளைச் சட்டையில் உடம்பு தெரிவதும் இதனால்தான். அலையில் இறங்கி நின்று தூண்டில் வீசுகிறவர்கள் பாதி நாள் இந்த நிலையில்தான் நிற்கிறார்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? நெருக்கமாக நெய்த, முழுக்கை வைத்த, தொளதொளப்பான பாலியஸ்டர் சட்டை. விளையாட்டுக்காரர்கள் போடும் டிரை-ஃபிட் ரகம் போதும், பெரிய கம்பெனிப் பெயர் வேண்டாம். பாலியஸ்டர் நூலே புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சும், நனைந்தாலும் சீக்கிரம் உலரும். சட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக ஒளி தெரிந்தால் வைத்துவிடுங்கள். உடம்போடு ஒட்டுகிற அளவில் எடுத்தால் துணி இழுபட்டுக் கண் விரியும், அதனால் ஒரு அளவு பெரிதாக எடுப்பது நல்லது. நிறத்தில் கறுப்பு கதிரை நன்றாகத் தடுக்கும், ஆனால் சூட்டை இழுக்கும். நீலம், பச்சை, காக்கி போல நடுத்தர நிறம் எனக்குச் சரியாகப் படுகிறது. காட்டன்தான் பழக்கம் என்றால் நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையாகப் போடுங்கள். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

இதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் பழைய முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருக்கும். தலையில் துண்டு, அதன் ஒரு முனை பிடரியை மூடிக் கழுத்துக்குள் செருகியிருக்கும். காலடியில் வெள்ளை உப்பு, பாத்தியில் தண்ணீர், இரண்டிலிருந்தும் வெயில் திருப்பி அடிக்கும். ஒரு தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியாது என்று அவர்கள் சொல்லாமலே தெரியும். தூண்டில்காரருக்கும் இதே சங்கதிதான். உலர்ந்த கடல்மணல் ஏறத்தாழ 15 சதவீதக் கதிரைத் திருப்பி அனுப்பும், அலை நுரை 25 சதவீதம் வரை அனுப்பும். மேலேயிருந்து வருவதைத் தொப்பி மறைக்கும். கீழேயிருந்து தாடைக்கும் மூக்குத் துவாரத்தடிக்கும் வருவதைத் துணிதான் மறைக்க வேண்டும்.

தொப்பி என்றால் சுற்றிலும் மூன்று அங்குல விளிம்பு இருக்க வேண்டும். கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும் காக்கும், காதையும் பிடரியையும் விட்டுவிடும். தாடையில் மாட்டும் கயிறு இல்லாத தொப்பியை மத்தியானக் காற்று ஒரே வீச்சில் கொண்டுபோய்விடும். கயிறு இல்லையென்றால் துண்டே மேல். தலையைச் சுற்றி, ஒரு முனையைப் பிடரியில் தொங்கவிட்டு, அவ்வப்போது நனைத்துக்கொண்டால் கழுத்தும் குளிரும். நம் ஊர்ப் பெண்கள் ஸ்கூட்டியில் போகும்போது கண்ணை மட்டும் விட்டுத் துப்பட்டாவைக் கட்டுகிறார்கள் அல்லவா, அந்தக் கட்டு கடற்கரைக்கு அருமையாகப் பொருந்தும். முகத்தில் மங்கு விழுந்தவர்கள் அதை விடவே கூடாது.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே கவலை வரும். நம் கருத்த தோலுக்கு இயல்பாகவே கொஞ்சம் காப்பு உண்டு. கண்ணுக்கு அது கிடையாது. வெயிலிலும் உப்புக்காற்றிலும் பல வருஷம் நிற்பவர்களுக்கு மூக்கோரமாகக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் சதை வளர்ந்து கருவிழியை நோக்கி நகரும். கண்புரை சீக்கிரம் வரவும் வெயில் ஒரு காரணம். ரோட்டோரம் விற்கும் வெறும் கறுப்புக் கண்ணாடி இன்னும் கெடுதல். இருட்டில் பாப்பா விரியும், வடிகட்டாத கதிர் கூடுதலாக உள்ளே போகும். யு.வி. 400 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். போலரைஸ்டு என்பது வேறு. அது தண்ணீரின் மேல் பளபளப்பை அறுத்து, ஆழத்தையும் மடவைக் கூட்டத்தையும் காட்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போன் திரையை மெல்லத் திருப்பினால், போலரைஸ்டாக இருந்தால் பெரும்பாலான போன்களில் ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். யு.வி. தடுப்பு இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது, இரண்டும் வேண்டும். நரம்பு அறுந்து ஈயக்குண்டு திரும்பி வந்தால் கண்ணைக் காப்பதும் இதே கண்ணாடிதான்.

கீழே கைலியை மடித்துக் கட்டினால் முழங்காலிலிருந்து பாதம் வரை திறந்துகிடக்கும். மெல்லிய முழுக்கால் டிராக் பேண்ட் நல்லது. காட்டன் பேண்ட் உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்தால் தொடை உரசிப் புண்ணாகும். செருப்பு வாரின் அச்சு பாதத்தில் வெள்ளையாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்ற இடமெல்லாம் வெந்ததற்கு அது சாட்சி. கழிமுகத்துச் சேற்றில் சிப்பி வெட்டும், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் மத்தியானத்தில் கொதிக்கும். இரண்டுக்கும் மூடிய ஷூதான் சரி. கழுவெளிப் பக்கம் போகிறவர்கள் அது 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதை மறக்காமல், வனத்துறையைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கிரீமை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. துணி மூடாத இடத்துக்கு மட்டும்தான் அது. புறங்கை, காது, மூக்கு, பாதத்தின் மேற்புறம். எஸ்.பி.எஃப். 30 நன்றாகத் தடவினால் தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் 97 சதவீதம் தடுக்கும், 50 போட்டால் 98. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் நாம் பொட்டு வைக்கிற அளவு எடுத்துத் தேய்க்கிறோம். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டுமே ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். வெயிலில் இறங்கக் கால்மணி நேரம் முன்பே தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மறுபடி தடவ வேண்டும். இரையில் வாசனை ஒட்டும் என்று பயந்தால் உள்ளங்கையை ஈர மணலில் தேய்த்துக் கழுவிவிட்டு இறாலைத் தொடுங்கள்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்தது. எந்தத் துணியும் உடம்புச் சூட்டை முழுக்க வெளியேற்றிவிடாது. மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, தண்ணீர் எல்லாம் தாகம் வருமுன்பே குடிக்க வேண்டும். கூட வந்தவர் பேச்சில் குழறினாலோ, தள்ளாடினாலோ தூண்டிலைச் சுருட்டிவிட்டு அவரை நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பத்து மணிக்கு மேல் மூன்று மணி வரை கரையில் நிற்காமலே இருக்கலாம். விடியலிலும் மாலையிலும்தான் கொடுவாவும் நன்றாக இரை எடுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். உப்பு தங்கினால் துணி விறைத்து அடுத்த வாரம் அக்குளை அறுக்கும். கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். மணல் துகள் கீறிவிடும், குழாயடியில் காட்டிவிட்டுத் துடையுங்கள்.