சலான் வந்தால் கட்டியே ஆக வேண்டுமா?

செகந்திராபாத்தின் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களானாலும் சரி, ஐ.டி. வேலைக்காக கச்சிபௌலியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளானாலும் சரி, போக்குவரத்து போலீஸின் இ-சலான் செல்போனுக்கு வந்ததும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். பயந்துபோய் உடனே பணம் கட்டுகிறார்கள். அல்லது, எப்படியும் தள்ளுபடி அறிவிப்பார்கள் என்று கிடப்பில் போடுகிறார்கள். அந்தச் சலானைத் திறந்து முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. அங்கேதான் உரிமையும் நழுவுகிறது, பணமும் நழுவுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சலான் என்பது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 200-ஆவது பிரிவு, சில குற்றங்களை நீதிமன்றம் போகாமலே பணம் கட்டி முடித்துக்கொள்ள வழி தருகிறது. அந்தத் தொகையை மாநில அரசு நிர்ணயிக்கிறது. நாம் ‘ஃபைன்’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தச் சமரசத் தொகையைத்தான். கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது. கட்ட மறுத்து, ‘நான் இந்தத் தவறைச் செய்யவில்லை, நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்வதும் அதே அளவுக்குச் சட்டபூர்வமான வழி.

தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதற்கு, அதை அந்தந்த மாநில அரசே நிர்ணயிப்பதுதான் காரணம். 2019 செப்டம்பரில் நாடு முழுவதும் அபராதங்கள் உயர்ந்தபோது, அதை அப்படியே அமல்படுத்துவதில்லை என்று தெலங்கானா அரசு முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து ஹெல்மெட் போடாவிட்டால் ஆயிரம் ரூபாய். ஹைதராபாத்தில் அதே தவறு சில நூறு ரூபாயோடு முடிகிறது. சென்னையிலிருந்து வண்டியோடு வருகிறவர்கள் இதைப் பார்த்து அலட்சியமாகிவிடக் கூடாது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் சட்டத்திலுள்ள உச்சவரம்பு வரை அபராதம் விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. சமரசத் தொகை அவரைக் கட்டுப்படுத்தாது.

சலானை எப்படிப் படிப்பது? ஹைதராபாத்தில் சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரர் பெரும்பாலும் வண்டியைப் பின்பக்கமிருந்து படம் எடுக்கிறார். தெலங்கானா போலீஸின் இ-சலான் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் அந்தப் படத்தைப் பார்க்கலாம். பெரிதாக்கிப் பாருங்கள். நம்பர் பிளேட்டில் இருப்பது உங்கள் எண்தானா? 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் பதிவுசெய்துவிடுவது நடக்கக்கூடியதுதான். எண் சரி என்றால் வண்டியைப் பாருங்கள். உங்களுடையது கறுப்பு பைக், படத்திலிருப்பது சிவப்பு ஸ்கூட்டர் என்றால் யாரோ உங்கள் எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். இது அபராதத்தோடு முடிகிற விஷயம் இல்லை. அந்த வண்டி நாளை ஒரு விபத்திலோ சங்கிலிப் பறிப்பிலோ சிக்கினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். போக்குவரத்து போலீஸிடம் ஆட்சேபம் தெரிவிப்பதோடு நில்லாமல், காவல் நிலையத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். அன்று, அந்த நேரத்தில் வண்டி வேறிடத்தில் இருந்ததற்கு அலுவலக வருகைப் பதிவு, பார்க்கிங் ரசீது, அடுக்குமாடிக் குடியிருப்பின் சிசிடிவி என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

கேமரா போன்ற மின்னணுக் கருவி மூலம் வரும் சலான்களுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167-ஏ விதி பொருந்தும். தவறு நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். தெளிவான படம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தப் பதிவை அழிக்கக் கூடாது என்கிறது அந்த விதி. மறுத்து வாதாடப் போகிறவர் முதலில் பிடிக்க வேண்டிய நூல் இதுதான்.

விற்றுவிட்ட வண்டிக்குச் சலான் வருவது இன்னொரு தலைவலி. ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் உரிமையாளர். 2018-இல் நவீன் குமார் வழக்கில், விபத்து இழப்பீட்டுக்கே பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றதும் 29-ஆம் எண் படிவத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ‘வாங்கினவர் மாற்றிக்கொள்வார்’ என்று விடாதீர்கள்.

இனி நீதிமன்றம். சம்மன் வந்தால் நடுங்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 208-ஆவது பிரிவின்படி, அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள வழக்குகளில் நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகலாம். அல்லது குறிப்பிட்ட தேதிக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதிவுத் தபாலில் கடிதமும், சம்மனில் சொன்ன தொகையும் அனுப்பி முடிக்கலாம். ஆனால் ஒப்புக்கொண்டபின், தண்டனையின் அளவைப் பற்றியோ அதன் சட்டப் பொருத்தத்தைப் பற்றியோ தவிர, மேல்முறையீடு செய்ய முடியாது. எனவே செய்யாத தவறை, அலைச்சலுக்குப் பயந்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுத்தால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு போலீஸுடையது. அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்துக்கு ஆறு மாதம் கடந்தபின் நீதிமன்றம் பொதுவாக வழக்கை எடுத்துக்கொள்ள முடியாது என்ற காலவரம்பும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உண்டு. தகுந்த காரணம் இருந்தால் நீதிபதி அதைத் தளர்த்தலாம் என்பதால், இதை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிடவும் கூடாது.

பணம் கட்டுவதற்கும் நீதிமன்றத்தில் வாதாடுவதற்கும் நடுவில் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. தேசிய லோக் அதாலத் ஆண்டுக்கு நான்கு முறை கூடும். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. முடிவு இறுதியானது, மேல்முறையீடு இல்லை. உடன்பாடு வராவிட்டால் வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்கே திரும்பும். தொகை குறையலாம், ஆனால் குறைத்தே ஆக வேண்டும் என்று கேட்க முடியாது.

தள்ளுபடியும் அப்படித்தான். 2022 மார்ச்சில் தெலங்கானா போலீஸ் இருசக்கர வாகனங்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி கொடுத்தது. 2023 டிசம்பர் இறுதியில் 80 சதவீதம். ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு இது அநியாயம் என்பதே என் எண்ணம். கட்டாமல் காத்திருக்கும் பழக்கத்தை இதுதான் வளர்த்துவிட்டது. மறுமுறை எப்போது வரும், வருமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மது குடித்து ஓட்டியவர்களின் கதை வேறு. 185-ஆவது பிரிவுக் குற்றத்தைப் பணம் கட்டிச் சமரசம் செய்யச் சட்டத்தில் இடமே இல்லை. நாம்பள்ளி போன்ற குற்றவியல் நீதிமன்றங்களில் ஆஜராகியே தீர வேண்டும். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் கோஷாமஹால், பேகம்பேட் போக்குவரத்துப் பயிற்சி மையங்களில் குடும்பத்தாரோடு ஆலோசனை வகுப்பில் உட்கார வேண்டும். அதே சமயம், வண்டியைப் பறிமுதல் செய்வதற்கு எல்லை உண்டு. 2021 நவம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே.லட்சுமண் தெளிவாகச் சொன்னார்: ஓட்டியவர் குடித்திருந்தால் அவரை ஓட்ட விடக் கூடாது; உடன் வந்தவர் குடிக்காமல், உரிமம் வைத்திருந்தால் வண்டியை அவரிடம் கொடுக்க வேண்டும்; அப்படி யாரும் இல்லையென்றால் உறவினரை வரவழைக்க வேண்டும்; அதுவும் முடியாதபோதுதான் தற்காலிகமாகக் காவல் நிலையத்தில் வைக்கலாம்.

கடைசியாக மோசடி. ‘உங்கள் வண்டிக்கு சலான்’ என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வந்தால் திறக்காதீர்கள். அது வங்கிக் கணக்கைக் காலி செய்யும் செயலி. தள்ளுபடி நேரத்தில் போலீஸ் தளத்தைப் போலவே போலித் தளங்களும் முளைக்கின்றன. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். நீதிமன்ற வாசலில் ‘நான் பேசி முடித்துத் தருகிறேன்’ என்று வரும் தரகரிடம் ஆர்.சி.யையும் பணத்தையும் கொடுக்காதீர்கள். வக்கீல் தேவையென்றால், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். அதற்குக் கூப்பிட வேண்டிய சட்ட உதவி எண் 15100.