இணையத்தில் எமது சிறுதொழிலுக்கு ஒரு விலாசம்

சொந்த ஊரிலே செக்கு வைத்திருந்தவருக்குப் பெயர்ப்பலகை தேவைப்படவில்லை. எந்த ஒழுங்கை, எந்தப் படலை என்பது சுற்றுவட்டாரம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. இடம்பெயர்ந்து வேறோர் ஊரில் குடியேறி, அதே எண்ணெயை அதே கைப்பக்குவத்தோடு ஆட்டினாலும், பழைய வாடிக்கையாளருக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. புதிய அயலாருக்கோ நாம் யாரென்றே தெரியாது. காணியோடும் கிணற்றோடும் சேர்த்து நாம் இழந்தவற்றுள் இந்த அறிமுகமும் ஒன்று. இழப்பீட்டுப் படிவம் எதிலும் இதற்கென ஒரு நிரல் கிடையாது.

இன்று நல்லெண்ணெயோ ஒடியல் மாவோ வாங்க நினைக்கும் பலர் முதலில் கைத்தொலைபேசியிலேதான் தேடுகின்றனர். ஆகவே இணையத்தில் எமது தொழில் பிறர் கண்ணில் படுவது எவ்வாறு என்பதை, கணினியைத் தொட்டறியாதவருக்கும் விளங்கும் வகையில் இங்கு நோக்குவோம்.

1998 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கூகுள் போன்ற தேடுபொறிகள், உலகெங்கும் உள்ள இணையப் பக்கங்களை இயந்திரத்தைக் கொண்டு வாசித்து, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லகராதியைப் போல் ஓர் அட்டவணை தயாரித்து வைத்திருக்கின்றன. ஒருவர் 'ஒடியல் மா' என்று தேடினால், அச்சொல் எந்தெந்தப் பக்கங்களில் உள்ளது என்று அந்த அட்டவணையில் பார்த்தே விடை தருகின்றன. ஆகவே எமது பக்கத்தில் எழுத்தாக இல்லாத ஒன்றை அவை அறிந்துகொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது.

இவ்விடத்தில் எமது பகுதிக்கே உரிய ஒரு தடங்கல் உண்டு. அச்சகங்களில் நெடுங்காலமாக வழக்கில் இருக்கும் பாமினி எழுத்துருவில், 'அம்மா' என்று தட்டச்சுச் செய்தால் திரையிலும் தாளிலும் 'அம்மா' என்றே தெரியும். ஆனால் கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துக்களையே. 'அ' என்பது அதற்கு 'எம்' என்னும் ஆங்கில எழுத்து. துண்டுப்பிரசுரத்துக்கு இதனால் ஒரு குறையுமில்லை. அதை அப்படியே இணையத்தில் ஏற்றினால், 'நல்லெண்ணெய்' என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் ஒருபோதும் அகப்படாது. யூனிகோட் முறையில் எழுதப்பட்ட தமிழே தேடலில் அகப்படும். கைத்தொலைபேசியில் நாம் தமிழில் அனுப்பும் செய்திகள் யூனிகோட்டிலேயே அமைந்தவை. யாராவது உங்களுக்கு இணையத்தளம் செய்து தந்திருந்தால், அதிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் நன்று. ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளும் கலந்து வந்தால், பணத்தின் மீதியைக் கொடுக்கு முன் திருத்தித் தரும்படி கேளுங்கள். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போட்டிருந்தாலும் ஏறத்தாழ இதே குறைதான். படத்தின் கீழே அதனை எழுத்திலும் தரவேண்டும்.

எதை எழுதுவது என்பதில் பலர் தடுமாறுகின்றனர். 'உயர்ந்த தரம், நியாய விலை, நம்பிக்கையான சேவை' என்று எழுதுகிறார்கள். இச்சொற்களைக் கொண்டு எவரும் எதையும் தேடுவதில்லை. வாங்குபவர் கேட்கும் கேள்விகள் வேறு: என்ன பொருள், எத்தனை லீற்றர் போத்தல், என்ன விலை, எந்த ஊர், எப்படி அனுப்புவீர்கள், யாருக்குத் தொலைபேசி எடுப்பது? இவற்றுக்கு விடை எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். பொருளின் பெயரைப் பல விதமாகவும் எழுதுங்கள். நாம் நல்லெண்ணெய் என்பதைச் சிங்களத்தில் தல தெல் என்பர். ஆங்கிலத்தில் ஜிஞ்ஜலி ஒயில் என்று தேடுபவரும் உண்டு, செசமி ஒயில் என்று தேடுபவரும் உண்டு. ஊர்ப் பெயரும் அப்படியே. இப்போதைய ஊரோடு, 'முன்னர் இன்ன ஊரில் இருந்தோம்' என்று பழைய ஊரின் பெயரையும் சேர்த்து எழுதுவது அவசியம் என்று நாம் கருதுகிறோம். உங்களைத் தேடும் பழைய வாடிக்கையாளருக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டுமே.

ஒரு குடும்பம், இரண்டு பொருட்கள் என்ற நிலையில் உள்ளவர் உடனே பணம் செலவழித்து இணையத்தளம் அமைக்க வேண்டியதில்லை. 2018 இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் பொருட்பட்டியல், விலை, படம் ஆகியவற்றை இலவசமாக இடலாம். கூகுளின் தொழில் விபரப் பதிவும் இலவசமே. கூகுள் வரைபடத்தில் கடைகளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் தெரிவது இந்தப் பதிவினாலேயே. கடை இல்லாமல் பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுப்பவர், வீட்டு விலாசத்தை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குக் கொடுப்பார் என்பதை மட்டும் காட்டலாம். பெண்கள் தனித்து வாழும் வீடுகளில் இவ்வாறு மறைப்பதே நல்லது. மீண்டும் இடம் மாற நேர்ந்தால் புதிய பதிவு தொடங்காமல் பழைய பதிவிலேயே விலாசத்தை மாற்றுங்கள். இல்லாவிடில் வாடிக்கையாளர் எழுதிய நல்ல கருத்துக்கள் பழைய பதிவோடு நின்றுவிடும். வரைபடமோ வருபவரை ஆளில்லாத வளவுக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும்.

ஊர்ச்சங்கமோ கூட்டுறவோ பல குடும்பங்களின் பொருட்களை ஒன்றாக விற்பதாயின், சொந்த இணையத்தளம் பயன் தரும். பேஸ்புக் பக்கம் போதாதா என்று கேட்கலாம். அது பிறர் காணியில் போட்ட கொட்டிலைப் போன்றது. இலட்சக்கணக்கானோர் இலவசமாகப் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிற்றிஸ் என்ற தளத்தை யாகூ நிறுவனம் 2009 இல் மூடியது. கூகுளின் தொழில் பதிவோடு இலவசமாகக் கிடைத்த சிறு இணையத்தளங்கள் 2024 மார்ச் மாதம் நிறுத்தப்பட்டன. அவற்றைப் பயன்படுத்துவது பிழையல்ல. அவற்றை மட்டுமே நம்பியிருப்பதுதான் ஆபத்து.

சொந்தக் காணிக்கு ஒப்பானது டொமைன் எனப்படும் இணையப் பெயர். இலங்கைக்குரிய '.எல்கே' என முடியும் பெயர்களோடு, 2010 முதல் தமிழிலேயே '.இலங்கை' என முடியும் பெயர்களும் உள்ளன. பெயருக்குக் கட்டணம் உண்டு. உரிய காலத்தில் புதுப்பிக்கத் தவறினால் கைநழுவிவிடும். அது யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது என்பதை அவசியம் பாருங்கள். இணையத்தளம் செய்து தருபவர் வசதிக்காகத் தமது பெயரிலேயே பதிந்துவிடுவதுண்டு. பின்னர் அவர் வெளிநாடு போனாலோ மனத்தாபம் ஏற்பட்டாலோ, பெயரை மீட்பது பெரும்பாடு. உறுதி இல்லாத காணிக்கு என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சங்கத்தின் பெயரில் பதியுங்கள். கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடமாவது இருக்கட்டும்.

பக்கம் பாரமில்லாததாகவும் இருக்கவேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்த படமொன்று பல மெகாபைட் அளவு இருக்கும். வாங்குபவரும் ரீலோட் போட்டே டேட்டா பாவிக்கிறார். படத்தை வட்ஸ்அப்பில் வீட்டிலுள்ள ஒருவருக்கு அனுப்பி, அங்கு சுருங்கிய படத்தைப் பயன்படுத்தினால் போதும். அசையும் எழுத்துக்களும் பாட்டும் வேண்டாம்.

இனி ஏமாற்றுப் பற்றி. 'கூகுளில் முதலாம் இடம் பெற்றுத் தருவோம், மாதம் இவ்வளவு தாருங்கள்' என்று கேட்போர் உள்ளனர். முதலாம் இடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே சொல்கிறது. உள்ளூர்த் தேடலில் பொருளின் பொருத்தம், தேடுபவருக்கு உள்ள தூரம், தொழில் எவ்வளவு அறியப்பட்டது ஆகிய மூன்றையுமே அது முக்கியமாகப் பார்க்கிறது. தூரத்தைப் பணம் கொடுத்துக் குறைக்க இயலாதல்லவா! பக்கத்தின் மறைவான பகுதியில் திறவுச்சொற்களை அடுக்குவோம் என்பதும் வீண் செலவு. தரவரிசைக்கு அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009 இலேயே அறிவித்துவிட்டது. காசு கொடுத்துப் பொய்யான புகழுரை எழுதுவிப்பதும் விதிகளுக்கு மாறானது. பொருள் வாங்கித் திருப்தியடைந்தவரிடம், 'இரண்டு வரி எழுதிவிடுங்கோ' என்று கேட்பதில் தவறில்லை. தொலைபேசியில் அழைத்து, உங்களுக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லும்படி யார் கேட்டாலும் சொல்லவேண்டாம்.

பக்கம் தயாரானதும், அதில் போட்ட தொலைபேசி இலக்கத்துக்கு வேறொரு தொலைபேசியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பாருங்கள். விலை மாறிய அன்றே பக்கத்திலும் மாற்றுங்கள். ஒடியல் மா முடிந்துபோனால், 'முடிந்துவிட்டது, அடுத்த பருவத்தில் வரும்' என்று எழுதிவிடுங்கள். தொலைவிலிருந்து பஸ் ஏறி வருபவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிராது.