மூடவேண்டாம், எங்களிடம் கொடுங்கள்

கனடாவின் பழங்குடிகள் பள்ளியையே வெறுத்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1876-இல் கிரீ உள்ளிட்ட பழங்குடி மக்கள் பிரிட்டிஷ் முடியரசுடன் செய்த ஆறாம் உடன்படிக்கையிலேயே, அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தில் பள்ளி நடத்தித் தருவதாக வாக்குறுதி இருக்கிறது. கிடைத்ததோ, பிள்ளைகளைத் தாய்மொழியிலிருந்தும் பெற்றோரிடமிருந்தும் பிரித்த விடுதிப் பள்ளி. 1920-இல் சட்டம் திருத்தி, பிள்ளைகளை அங்கே கட்டாயமாக அனுப்பவைக்கும் அதிகாரத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. பிள்ளைகளை ஒளித்துவைத்த பெற்றோர் மறுத்தது படிப்பை அல்ல, இந்தப் பிரித்தலை.

அல்பெர்ட்டா மாகாணத்தின் புளூ குவில்ஸ் பள்ளி இதற்குச் சாட்சி. கத்தோலிக்கத் துறவியர் நடத்திய விடுதிப் பள்ளி அது. அதை மூடிவிட்டு மாணவர்களை ஊர்ப் பொதுப்பள்ளிகளில் சேர்க்க அரசு திட்டமிட்டது. 1970 ஜூலையில் பெற்றோர் குடும்பத்தோடு பள்ளிக்குள் வந்து உட்கார்ந்தார்கள். பள்ளியைத் தங்களிடமே ஒப்படைக்கக் கேட்டுப் பதினேழு நாள் நகரவில்லை. அத்தனை துயரம் தந்த கட்டடத்தை ஏன் கேட்டார்கள்? பொதுப்பள்ளியில் சமத்துவம் கிடைத்திருக்காதா? நியாயமான கேள்விதான். ஆனால் அங்கேயும் பாடத்தையும் ஆசிரியரையும் முடிவுசெய்வது வேறு யாரோதான்; அவர்கள் கேட்டது அந்த அதிகாரத்தை. அரசு இணங்கியது. கனடாவில் பழங்குடியினரே நிர்வகித்த முதல் விடுதிப் பள்ளியான அது, இன்று பல்கலைக்கழகமாக இயங்குகிறது.