தொட்டிப் பவளத்துக்கு எந்தக் கேமரா?

சிட்னியின் டூங்கபியிலிருந்து பெருந்தடுப்புப் பவளத்திட்டின் தெற்கு முனைக்குப் போக ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணப்பட வேண்டும். கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கோ பவளம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இரவில் நீல எல்இடி விளக்கின் கீழ் பச்சையும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக அது ஒளிர்வதை ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பலாம் என்று கைப்பேசியை நீட்டினால், படம் முழுவதும் ஒரே நீலம். நல்ல கேமரா வாங்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது. கடைக்குப் போகும் முன், கைப்பேசி ஏன் தோற்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பவளத்தின் திசுவில் ஒளிரும் புரதங்கள் இருக்கின்றன. அவை நீல ஒளியை உள்வாங்கி, ஆற்றல் குறைந்த பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி விடுகின்றன. இந்தக் குடும்பத்தின் முதல் புரதத்தை ஒசாமு ஷிமொமுரா 1962-இல் ஒரு ஜெல்லி மீனிலிருந்து பிரித்தெடுத்தார். அதற்காக 2008-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். பவள இனங்களிலும் அதன் உறவுப் புரதங்கள் இருப்பதை 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்று உயிரணு ஆய்வகங்களில் அடையாளச் சாயமாகப் பயன்படும் சிவப்புப் புரதம் ஒன்று அப்போது கிடைத்ததுதான்.

நம் கண் இந்த ஒளிர்வை எளிதாகப் பிரித்துப் பார்க்கிறது. கேமராவின் உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. நீல எல்இடியின் கீழ் நீலப் புள்ளிகள் நிரம்பி வழிகின்றன. மற்றவை பட்டினி கிடக்கின்றன. வெண்சமநிலையைச் சரிசெய்யலாம் என்றால், பெரும்பாலான கேமராக்களில் அந்த அளவுகோல் 10,000 கெல்வினோடு நின்றுவிடுகிறது. தொட்டியின் நீலம் அதையும் தாண்டியது. லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு வடிகட்டி ஒன்றைப் பொருத்தினால் விளக்கின் நீலம் தடுக்கப்பட்டு, பவளத்தின் ஒளி மட்டும் உள்ளே வரும். கைப்பேசிக்கே இதைச் செய்து பார்க்கலாம். முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

அடுத்து லென்ஸ். பணத்தை இங்கே போடுங்கள். கேமராவின் உடல் பழையதாக இருந்தால் குற்றமில்லை. 2014-இல் வந்த நிக்கான் டி3300-லேயே 24 மெகாபிக்சல் உண்டு. லென்ஸ் மட்டும் நிஜ அளவுக்கு, அதாவது ஒன்றுக்கு ஒன்று, படம் பிடிக்கும் மேக்ரோவாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் 40 மி.மீ. மேக்ரோ, அந்த அளவை எட்டப் பொருளுக்குச் சில சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டும். தொட்டியின் கண்ணாடித் தடிமனையும், பவளம் உள்ளே தள்ளி இருப்பதையும் சேர்த்தால் அது எட்டாது. 90 அல்லது 100 மி.மீ. லென்ஸ் ஒரு சாண் தூரத்துக்குள் நின்று வேலையை முடித்துவிடும். ஒளிவிலகலால் தண்ணீருக்குள் 4 செ.மீ. தள்ளி இருப்பது 3 செ.மீ. போலத் தெரியும் என்பதும் நமக்குச் சாதகம். கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் அதே ஒளிவிலகல் உருவத்தைக் குழப்பி, ஓரங்களில் வண்ணக் கோடுகள் இழுத்துவிடும்.

நிஜ அளவில் கூர்மை எவ்வளவு ஆழத்துக்கு இருக்கும்? ஏபிஎஸ்-சி உணரி, எஃப்/8 துளை என்று வைத்துக் கணக்குப் போட்டால், முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. அக்ரோபோரா பவளத்தின் ஒரு பாலிப் ஓரிரு மில்லிமீட்டர் அகலம். அதன் வாய் தெளிவாக இருந்தால் உணர்கொம்புகளின் நுனி மங்கிவிடும். துளையை இன்னும் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவு படம் முழுவதையும் மழுக்கும். இதற்கு விலையுயர்ந்த உடலாலும் விடை தர முடியாது. முக்காலி, நிறுத்திய பம்ப், கையால் மெல்ல நகர்த்தும் குவியம், வெவ்வேறு ஆழங்களில் எடுத்து ஒன்றாக அடுக்கும் படங்கள் ஆகியவைதான் விடை.

இது வெறும் அழகுக்கான உழைப்பு அல்ல. பிரிஸ்பேனில் உள்ள குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிரெட் லூயிஸும் லூக் நாத்டர்ஃப்டும் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து லிட்டர் தொட்டியில் ஹீலியோஃபங்கியா என்ற பவளம். 12 மணி நேரத்தில் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். நுண்ணோக்கியும் டிஜிட்டல் கேமராவும் வைத்து இடைவிடாமல் படமெடுத்தார்கள். பவளம் தன் இயல்பான அளவில் 340 சதவீதம் வரை ஊதிப் பெருத்து, சட்டென்று சுருங்கி, தனக்கு உணவூட்டும் பாசிகளை வாய் வழியே உமிழ்ந்ததை அந்தப் படங்கள் காட்டின. வெளிறுதல் என்று நாம் செய்தியில் படிப்பது, அருகில் பார்த்தால் இப்படித்தான் நடக்கிறது.

2020 ஜனவரி 4 அன்று, டூங்கபிக்கு மேற்கே உள்ள பென்ரித்தில் வெப்பம் 48.9 டிகிரியைத் தொட்டது. அத்தகைய நாளில் மின்சாரமும் போனால், கூடத்துத் தொட்டியும் அந்தப் பத்து லிட்டர் தொட்டியின் நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் கேமராவை ஓர் அளவுகருவியாகவும் நினைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். நாம் குறித்துவைத்த அதே அமைப்பில், அதே வெள்ளை விளக்கில், அடுத்த வாரமும் எடுக்க முடிய வேண்டும். ஒலிம்பஸ் டிஜி-6 ஒரு சென்டிமீட்டர் வரை நெருங்கும் அருமையான சிறு கேமராதான். ஆனால் ஷட்டர் வேகத்தையும் துளையையும் நம் விருப்பப்படி நிலைநிறுத்தும் முறை அதில் இல்லை. வண்ணம் மங்கியது பவளத்தாலா, கேமரா தானாகச் செய்த திருத்தத்தாலா என்று பின்னால் தெரியாமல் போகும்.

கடையில் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: கேமரா திருத்தாத மூலப்படமான ரா கோப்பு வருமா, முழுக் கைமுறை இருக்கிறதா, வெள்ளை அட்டையைக் காட்டி வெண்சமநிலை அமைக்கலாமா, திரையில் பெரிதாக்கிக் குவியம் பார்க்கலாமா. நான்கும் இருந்தால் பழைய உடலையே வாங்குங்கள். வரும் டிசம்பர் வெயிலுக்கு முன், உங்கள் தொட்டியில் உள்ள ஒவ்வொரு பவளத்தையும் ஓரத்தில் ஒரு வெள்ளை அட்டையோடு படமெடுத்து, தேதியையும் தண்ணீரின் வெப்பத்தையும் எழுதி வையுங்கள்.