வேஷமும் வெறுப்பும்
(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்பிள்ளை புடவை கட்டி ஆடினால் முதலில் விசில், அப்புறம் கேலி! இந்தப் பெண் வேஷம் என்ன நேற்று வந்த பழக்கமா?

திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் பாஞ்சாலியாக வருவது பெரும்பாலும் ஆண்தான். துகிலுரிதல் கட்டத்தில் அவர் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுபவர்களும் உண்டு. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பையன்களே பெண் வேஷம் போட்டார்கள். அதற்கு ‘ஸ்திரீபார்ட்’ என்று பெயர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேஷம் போச்சு! சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாக நடித்தவர். ஔவையார் வேஷத்தால் டி.கே. சண்முகம் ‘ஔவை’ சண்முகம் ஆனார். சென்னையில் ஒரு சாலைக்கே அவர் பெயர்தான்.

பிறகு வெறுப்பு எங்கே வருகிறது? மேடையை விட்டு இறங்கியதும் வருகிறது. எங்க தாத்தா ஊரில் கூத்தில் பெண் வேஷம் கட்டியவர். ஹார்பரில் மூட்டை தூக்க ராயபுரம் வந்த பிறகு அதை வெளியே சொன்னதே இல்லை. “தெரிஞ்சா நம்ம வீட்டுக்கு யாருடா பொண்ணு குடுப்பான்?” என்பார். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படிக்க வந்தவன் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

இந்த வெறுப்பு சட்டமாகவும் வந்தது. 1871 குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, வட இந்திய மாகாணங்களில் திருநங்கையரைப் பதிவேட்டில் ஏற்றியது. பதிவானவர் பெண் உடையில் தெருவுக்கு வந்தாலோ, ஆடினாலோ, வாரண்ட் இல்லாமல் கைது. 2 ஆண்டு வரை சிறை!

அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2023-இல், குழந்தைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஆபாச நிகழ்ச்சிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் பெண் வேஷம், ஆண் வேஷம் போடுகிறவர்களையும் சேர்த்து எழுதினார்கள். அதே ஆண்டு ஒரு நீதிபதி அது செல்லாது என்றார். 2024-இல் மேல் நீதிமன்றம், வழக்குப் போட்டவர்களுக்கு அந்தத் தகுதியில்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆபாசம்தான் குற்றமென்றால் யார் செய்தாலும் குற்றம்தானே? வேஷத்தின் பேரை ஏன் தனியாகச் சேர்க்கணும்?

மேடையில் வேஷம் கட்டுவது வேறு, திருநங்கையாக வாழ்வது வேறு. நம்ம கேலிதான் இரண்டையும் ஒரே வார்த்தையால் அடிக்கிறது. ஆணோ பெண்ணோ திருநங்கையோ, தன்னை உடையால் வெளிப்படுத்துவதும் பேச்சுரிமையைச் சேர்ந்ததே என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்தாச்சு. நம்ம வாய்தான் இன்னும் மாறலை.

பாஞ்சாலிக்குக் கைகூப்பும் ஊர், அந்த வேஷத்தைக் கட்டியவனுக்கும் மரியாதை தரவேண்டாமா? சிந்திப்போம் தோழர்களே!