டென்ஸ் கருவி: வலி குறையும், புண் ஆறுமா?

சிங்கப்பூரின் தோ பாயோ பழைய பேட்டை. 1960களில் அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் குடியேறிய இளம் தம்பதிகளுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். முட்டிவலி, இடுப்புவலி பேச்சு அடிபடாத புளோக் இருக்காது. பிசியோதெரபிக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் 'கரண்ட் வைத்தார்கள்' என்பது பெரும்பாலும் டென்ஸ் (TENS), அதாவது தோல்வழி நரம்பைத் தூண்டும் மின்கருவிதான். பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி, தோலில் ஒட்டும் பசைத் தகடுகள், ஒரு குறுகுறுப்பு. மருந்துக் கடைகளிலும் விற்கிறார்கள்.

முட்டியை இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்த்துவிடுகிறோம், கொஞ்சம் இதமாகிறது. காரணத்தை 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் விளக்கினார்கள். தொடுதலைச் சுமக்கும் தடித்த நரம்புகள் சுறுசுறுப்பானால், மெல்லிய நரம்புகள் கொண்டுவரும் வலிச் செய்தி முதுகுத்தண்டிலேயே அடக்கப்படுகிறது. டென்ஸ் அந்தத் தடித்த நரம்புகளைத்தான் தூண்டுகிறது; பொதுவாக நொடிக்கு 80 முதல் 120 துடிப்பு. நொடிக்குப் பத்துக்கும் குறைவாக வைத்தால் உடல் தானே சுரக்கும் வலிநிவாரணிகளும் சேர்ந்துகொள்ளும்.

பலன் எவ்வளவு? 381 ஆய்வுகளை அலசிய 2022ஆம் ஆண்டுத் தொகுப்பு, கருவி ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைகிறது என்றது. ஆனால் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு இடுப்புவலிக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. தேய்ந்த மூட்டு இதனால் வளராது. வலி அடங்கியிருக்கும் அந்த நேரத்தில் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்தால்தான் காசுக்குப் பலன் என்பேன்.

ஆறுவது வேறு கதை. காயத்தில் இயல்பாகவே மெல்லிய மின்னோட்டம் ஓடுவதை 1843இல் எமில் டு புவா-ரேமொன் தன் விரலை வெட்டியே அளந்து பார்த்தார். எலும்பை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதை ஜப்பானில் ஃபுகாதா, யசுதா 1957இல் காட்டினார்கள். இதையொட்டி, கூடாத எலும்பு முறிவுக்கும் ஆறாத புண்ணுக்கும் மின்தூண்டல் தரும் கருவிகள் உண்டு. அவை மருத்துவர் மேற்பார்வையில் பயன்படுபவை. கடையில் வாங்கிய டென்ஸை அதற்கு ஈடாக நினைத்துத் திறந்த புண்மேல் ஒட்ட வேண்டாம்.

இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தொண்டைப் பகுதியிலும், கர்ப்பிணிகளின் வயிற்றிலும் வைக்கக் கூடாது. நீரிழிவால் கால் மரத்துப்போனவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: குறுகுறுப்பு தெரியவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனால் தோலைச் சுட்டுவிடும், அதுவும் அவர்களுக்குத் தெரியாது.