வண்டியை உயர்த்துமுன் பாரத்தைக் கணக்கிடுங்கள்

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே என் மருமகன் ஒரு காப்பித் தோட்டத்தைக் கவனித்துவருகிறார். தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து தோட்டத்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் நீர் அதைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும். அந்தப் பாதைக்காகவே அவர் மாருதி சுசூகி ஜிம்னி வாங்கினார். ஆனால், உரமூட்டைகளை ஏற்றும் நாள்களில் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து, பம்பர் பாறையில் உரசியது.

வண்டியை உயர்த்த ஒரு பட்டறையில் இரண்டு வழிகள் சொன்னார்கள். இருக்கும் சுருள்வில்லின் மீது ‘ஸ்பேசர்’ எனப்படும் தடித்த வளையத்தைச் செருகுவது ஒன்று. இதற்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். சுருள்வில்களையே கழற்றிவிட்டு, நீளமும் விறைப்பும் மிகுந்த புதிய வில்களைப் பொருத்துவது மற்றொன்று. அதற்கேற்ற ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்தால் செலவு லட்சத்தை நெருங்கும். “ரெண்டுலயும் உயரம் ஒண்ணுதானே மாமா?” என்று மருமகன் கேட்டார். ஒரே பயன் குறைந்த செலவில் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பதுதான் அறிவுடைமை என்று, பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்த பழக்கத்தில் நானும் சொல்லிவிட்டேன். அந்த அறிவுரை தவறானது.

ஸ்பேசர் பொருத்திய சில வாரங்களில், ஒரு மழை மாலையில், என் மகளும் பேத்தியும் அந்த வண்டியில் மேலேறிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் பாரம் இல்லை. நீரறுத்த பள்ளத்தைச் சாய்வாகக் கடக்கும்போது, முன்பெல்லாம் பள்ளத்தின் அடியைத் தொட்ட பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சுழன்றது. வண்டி பின்னோக்கிச் சறுக்கி மண்மேட்டில் முட்டி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால், பாதையின் மறுபுறம் மேடில்லை, சரிவுதான். அதன் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன், அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடம் கேட்டேன். நான் பொறியாளன் அல்லன். ஆயினும், வாங்குவோர் அறிய வேண்டிய கணக்கு எளிதானது என்பதால் இங்கே பகிர்கிறேன்.

கடன் வாங்கிய உயரம்: ஜிம்னியில் முன்னும் பின்னும் சக்கரங்களை இணைப்பது ஒற்றை இரும்பு அச்சு. அச்சுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியே நிற்கின்றன. சக்கரம் எவ்வளவு மேலேறலாம், எவ்வளவு கீழிறங்கலாம் என்பதற்கு ஷாக் அப்சார்பரின் நீளம் ஓர் எல்லை. அதை ஒரு வரவுசெலவுத் திட்டம் போலக் கருதலாம். மொத்தப் பயணம் 200 மி.மீ. என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். வண்டி சமதரையில் நிற்கும்போது மேலே 100, கீழே 100. இப்போது 30 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் வண்டி 30 மி.மீ. உயரும், ஷாக் அப்சார்பரும் அதே அளவு நீண்டு நிற்கும். மேலே 130, கீழே 70. மொத்தம் மாறவில்லை, பங்கீடு மட்டுமே மாறியது. பள்ளத்தில் சக்கரம் இறங்குவதற்கு இருந்த இடத்தைக் கடன் வாங்கித்தான் வண்டி உயர்ந்திருக்கிறது. என் மகளின் வண்டியில் தொங்கிய சக்கரத்துக்கு இதுவே விளக்கம். மேல்பக்கம் கூடிய 30 மி.மீ.யும் முழுமையாகப் பயன்படாது. வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும் எல்லை பழைய இடத்திலேயே இருப்பதால், அதிர்வைத் தடுக்கும் ரப்பரையும் உயர்த்தியாக வேண்டும்.

ஸ்பேசருக்கு ஒரு நியாயமான பயனும் உண்டு. அது வில்லின் விறைப்பை மாற்றுவதில்லை, ஆகவே நகரச் சாலையில் பயணத்தின் மென்மை ஏறத்தாழ முன்போலவே இருக்கும். பாரம் ஏற்றாத வண்டியில், பக்கத்துக்குப் பக்கம் உள்ள சிறு உயர வேறுபாட்டைச் சரிசெய்ய, ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட ஸ்பேசர் போதுமானது. மகிந்திரா தார் போல முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் வண்டிகளில் கணக்கு வேறு. அங்கே வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுப்பு. அந்தத் தொகுப்பின் தலையில் ஸ்பேசர் வைத்தால், நெம்புகோல் விளைவால் வண்டி ஸ்பேசரின் தடிமனைவிட அதிகமாக உயரும். சக்கரம் முழுதும் இறங்கும்போது பழைய எல்லையைத் தாண்டிச் செல்வதால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுகள் கூடுதலாக வளைந்து விரைவில் தேயும்.

வில் செய்யும் வேலை: சுருள்வில் எவ்வளவு அமுங்கும் என்பது அதன் மீதுள்ள எடைக்கு நேர் விகிதத்தில் அமையும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் வகுத்துவிட்டார். ஒரு பின்வில் 25 கிலோவுக்கு 1 செ.மீ. அமுங்கும் என்று கொண்டால், பின்னால் ஏற்றிய 100 கிலோ இரண்டு வில்களுக்கும் 50 கிலோவாகப் பிரிந்து, வண்டி 2 செ.மீ. தாழும். ஸ்பேசர் வைத்தாலும் அதே 2 செ.மீ. தாழும், தொடக்க உயரம்தான் கூடியிருக்கும். 30 விழுக்காடு விறைப்பான வில்லோ ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. மட்டுமே தாழும். பாரத்தைத் தாங்கும் வலிமை வில்லால் வருவது, வளையத்தால் வருவதன்று.

விலையுயர்ந்தது என்பதால் புதிய வில் எப்போதும் மேல் என்பதும் உண்மையன்று. பழைய ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு நீண்ட வில்லை மட்டும் பொருத்தினால், கீழிறங்கும் பயணம் ஸ்பேசரில் குறைந்ததைப் போலவே இங்கும் குறையும். கூடவே, விறைத்த வில் எகிறும் வேகத்தைப் பழைய ஷாக் அப்சார்பரால் அடக்க இயலாது. மேலும், இரும்பு பம்பர், வின்ச், மேற்கூரைத் தாங்கி என நிலையான எடைக்காக வடிவமைத்த வில்லை வெறும் வண்டியில் பொருத்தினால், வண்டி தேவைக்கு மேல் உயர்ந்து நின்று, சிறு குழியிலும் முதுகெலும்பை உலுக்கும்.

உயர்த்தியும் உயராதது: இரண்டு வழிகளுக்கும் பொதுவான குறைகளும் உள. ஜிம்னியின் தரை இடைவெளி 210 மி.மீ. இத்தகைய வண்டிகளில் தரைக்கு மிக அருகில் தொங்குவது அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் உருண்டை. அச்சு சக்கரத்தோடு இணைந்தது. எனவே வில்லை மாற்றினாலும் ஸ்பேசர் வைத்தாலும் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டரும் உயராது. பெரிய டயரால் மட்டுமே அது உயரும், அதுவும் டயரின் விட்டம் கூடிய அளவில் பாதிதான். சட்டமும் பம்பரும் உயர்வதால், மேட்டில் ஏறவும் இறங்கவும் கிடைக்கும் கோணங்களே நமக்கு ஆதாயம்.

இதற்குத் தரும் விலை நிலைத்தன்மை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், வண்டி கவிழும் வாய்ப்பை மதிப்பிட ஓர் எளிய விகிதத்தைப் பயன்படுத்துகிறது: சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுப்பது. ஜிம்னியில் அந்த அகலம் சுமார் 1400 மி.மீ. ஈர்ப்பு மையம் 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் விகிதம் 1. வண்டியை 50 மி.மீ. உயர்த்தி, ஈர்ப்பு மையம் 40 மி.மீ. ஏறினால், அது 0.95 ஆகக் குறையும். கொண்டை ஊசி வளைவில் இந்த ஐந்து விழுக்காடு அற்பமானதன்று. இத்துடன் ஒற்றை அச்சை இழுத்துப் பிடிக்கும் குறுக்குத் தண்டு, அச்சைப் பக்கவாட்டில் சற்று நகர்த்தும். ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பும் தன்மை குன்றும். பிரேக் குழாய் இறுகும். இவற்றைச் சீர்செய்யும் செலவு பட்டறையின் விலைப்பட்டியலில் முதலில் இடம்பெறுவதில்லை.

சட்டத்தின் எல்லை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆகவே, எந்த வேலையையும் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். விபத்துக்குப் பின் கேட்பதில் பயனில்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஸ்பேசரைக் கழற்றினோம். புதிய வில்லும் வாங்கவில்லை. கணக்குப் பார்த்தபோது, கனத்த பாரம் ஏறுவது மாதத்தில் இரண்டு நாள் மட்டுமே என்று தெரிந்தது. அந்த இரண்டு நாளுக்காக மற்ற இருபத்தெட்டு நாளும் விறைத்த வில்லில் குழந்தையை ஏற்றிச் செல்வது வீண். உரமூட்டைகளை இப்போது வாடகை டிராக்டர் ஏற்றிச்செல்கிறது. நீரறுத்த பள்ளத்தில் கல் பாவியிருக்கிறார்கள். எப்போதும் பாரம் சுமக்கும் வண்டியாக இருந்திருந்தால், சட்ட அனுமதியோடு, ஷாக் அப்சார்பருடன் கூடிய புதிய வில்லையே நான் பரிந்துரைத்திருப்பேன்.

பட்டறைக்குச் செல்லுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். இந்த வண்டி நாள்தோறும் எத்தனை கிலோ சுமக்கிறது? பாதையில் உரசுவது பம்பரா, டிஃபரென்ஷியலா? உயர்த்திய பிறகு சக்கரம் கீழிறங்க எவ்வளவு இடம் மிஞ்சும்? எத்தனை அங்குலம், எவ்வளவு ரூபாய் என்பவை அதற்குப் பிறகு கேட்க வேண்டியவை. நான் அவற்றை முதலில் கேட்டேன்.